கூப்பிட்டால் வராத ஜிம்மி

கஜா அப்பாவுக்கு,

கூடையோடு புதுப்பட்டினம் சந்தைக்குப் போகிறேன். நெத்திலிக் குழம்பு சட்டியில் இருக்கிறது. சாவி மாடத்தில்.

ஜிம்மி இன்னும் படகுக்கு அடியில்தான் கிடக்கிறது. நீங்கள் அடித்த கால் வீக்கம் வடியவில்லை. நேற்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டினேன். "கருவாட்டத் தின்னது காலையில. நீங்க சாயங்காலம் பேர் சொல்லிக் கூப்ட்டு அடிச்சா, அதுக்குக் கருவாடா ஞாபகம் வரும்? கூப்ட்டா அடி வுழும்னுதான் கத்துக்கும்" என்றார்.

இனிமேல் சோறு வைக்கும்போது மட்டும் அதன் பேரைச் சொல்லுங்கள். தட்டை வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். அதுவாக வரட்டும். எத்தனை நாளானாலும் கோபப்படாதீர்கள்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கஜாவுக்கு போன் போட்டு, "இன்னாடா, மூணு வருசமா வூட்டுக்கே வர மாட்டேன்ற?" என்று கத்தினீர்கள். பத்தாவதில் அவன் பெயிலான அன்று தெருவில் நின்றிருந்தான். "வாடா, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று கூப்பிட்டீர்கள். நம்பி வந்தான். நீங்கள் பெல்ட்டை எடுத்தீர்கள்.

அவன் வெளியே ஓடாதபடி கதவைத் தாழ்ப்பாள் போட்டது நான்.

வச்சலா