பாங்குக்கு முந்தைய அரைமணி

கத்திரி வெயிலில் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து, "அரிக்குதுடி, கழட்டு" என்று மாடி முழுக்க ஓடின என் பத்மாக்காவுக்கு,

பள்ளிக்கூட ஆண்டு மலரில் உனக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "ஜீனத் டீச்சர், நீங்கதான் அவங்களுக்கு நெருக்கம், நீங்களே எழுதிடுங்க" என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். "அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ எறிந்த சாக்பீஸ் கடைசி பெஞ்சில் குறி தப்பாமல் விழும், உனக்கு எதற்குப் பொறுமையின் சிகரம்? அதனால் உனக்கே கடிதமாக எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

விஷயம் இதுதான், அக்கா. நாம் திட்டம் போட்டோமே ஆல்ப்ஸ் மலை ரயில், அதற்கு இந்த மே மாதம் வரச் சொல்லி என் தம்பி சலீம் ஒற்றைக்காலில் நின்றான். நீ இல்லாமல் நான் போவதா, வேண்டாமா என்று கார்த்திகையிலிருந்து மனசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என்ன முடிவெடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை குறுக்கே பேசாமல் கேள். உனக்கு வராத பழக்கம்தான், இன்றைக்கு வேறு வழியில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன். சலீம் எங்கள் அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, மாமனாரோடு பிரான்சுக்குப் போய் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். "அக்கா, ஒரு தடவ வாங்க. ஸ்விட்சர்லாந்து பக்கத்துலதான் இருக்குது. மலை ரயில்ல கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் சொன்னதை ஆசிரியர் அறையில் உன்னிடம் பெருமையடித்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். அழைப்பு வந்தது எனக்கு, கிளம்பியது நீ. அந்த வாரமே அந்த நாட்டுச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாய். வழவழவென்ற தாளில் பசுமாடும் பனிமலையுமாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. "எங்க வீட்டுல மாமா ஒத்துக்கிட்டாரு. நான் போறேன், நீ கூட வர்றியா?" என்று என்னையே கேட்டாய்.

தையல் டீச்சரான என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தையல் அறையிலிருந்து சிவப்பு உல்லன் நூலை எடுத்துப் போய், ஒன்பதாம் வகுப்பு ஐரோப்பா சுவர்ப்படத்தில் குண்டூசி குத்தி வழி போட்டாய். ஜெனீவாவில் ஏறி ஏரியோரமாக, வலது பக்க ஜன்னல். பிறகு இன்டர்லாகன். பிறகு ஜெர்மட். அங்கிருந்து பாலமும் பள்ளத்தாக்கும் சுரங்கமுமாக ஒரு நாள் முழுக்கக் கிழக்கே. படத்தில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இடத்தில் இத்தனை குண்டூசி எப்படித்தான் குத்தினாயோ!

"இது இன்னாக்கா, எம்ப்ராய்டரியா?" என்று கேட்டேன்.

"வாய மூடிட்டு ஸ்வெட்டரப் பின்னு" என்றாய்.

பின்னினேன். அக்கினி நட்சத்திரத்தில் செஞ்சியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னின ஒரே பைத்தியம் நான்தான். ஜவுளிக்கடையை மூடிவிட்டு வந்த என் வீட்டுக்காரர் பஷீர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "செஞ்சிக்கே ரயில் கெடையாது. இவங்களுக்கு ஆல்ப்ஸ்ல ரயிலாம்!"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நீ ஒத்திகை வைத்தாய். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், அங்கிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் வண்டி ஏறினோம். ஜன்னலோரம் எதிரெதிரே இடம் கிடைத்தது. நான் வண்டி போகிற திசையைப் பார்த்து, நீ அதற்கு முதுகைக் காட்டி. "வர்றத நீ சொல்லு, போனத நான் சொல்றேன். ரெண்டும் சேர்ந்தாதான்டி மலை முழுசா கெடைக்கும்" என்றாய். வந்தது கரும்புக் கொல்லை, போனதும் கரும்புக் கொல்லை. ஆனாலும் விழுப்புரத்தில் இறங்கி நீ தண்டவாளத்தைக் காட்டி, "ஜெர்மட்டுக்குப் போறதும் இதே மீட்டர் கேஜ்தான், அகலம் மாறாது" என்று சொன்னபோது, ஸ்விட்சர்லாந்து எனக்கு விழுப்புரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரிதான் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம்.

சாப்பாட்டில்தான் சிக்கல். நீ மேல்சித்தாமூரில் பிறந்த சமணப் பெண். சூரியன் மறைந்த பிறகு ஒரு பருக்கை தொட மாட்டாய். மண்ணுக்கு அடியில் விளைகிற கிழங்கும் ஆகாது. அந்த ஊரில் எதைக் கேட்டாலும் உருளைக்கிழங்கோடுதான் தருவார்கள் என்று படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அப்புறம் நீயே தேறி, புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் போதும் என்று முடிவுக்கு வந்தாய். எனக்கோ ரம்ஜான். அது வருஷா வருஷம் பத்து நாள் முன்னால் நகர்ந்து நகர்ந்து, சரியாக நம் பள்ளிக்கூட லீவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீ சூரியன் மறையும் முன் சாப்பிட வேண்டும், நான் மறைந்த பின். ஒரே டிபன் கேரியரை வைத்துக்கொண்டு எப்படிப் போவது?

உனக்குக் கவலையே இல்லை. "அங்க மே கடைசியில ஒன்பது மணிக்கு மேலதான்டி சூரியன் மறையுது. நான் ஒன்பது வரைக்கும் ஆற அமர சாப்புடுவேன். நான் மூடுற நிமிஷம் நீ தொற."

"அதுவரைக்கும் நான் பட்டினியா உக்காந்து உன்னப் பாக்கணுமா?"

"மலையப் பாரு. என் வாயப் பாக்கச் சொல்லி உன்ன யாரு கூப்ட்டா?"

இந்தப் பேச்செல்லாம் நடந்தது எங்கள் மொட்டை மாடியில். ரம்ஜான் மாதம் முழுக்க சாயங்காலம் நீ அங்கே வந்துவிடுவாய். கையில் ஒரு சின்ன டப்பா, அதில் பொரியோ பொட்டுக்கடலையோ இருக்கும். மேற்கே கோட்டையைச் சுமந்துகொண்டு ராஜகிரி மலை நிற்கிறது. சூரியன் கோட்டை உச்சியைத் தொட்டதும் டப்பாவை மூடிவிடுவாய். அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் கிடையாது.

"சூரியன் இன்னும் மறையலக்கா, மலைதான் மறைக்குது. பூகோள டீச்சருக்கு நான் சொல்லித் தரணுமா?" என்று நான் சீண்டுவேன்.

"எனக்குத் தெரியாதா? என் மாமியாருக்கு ராஜகிரிதான்டி அடிவானம். வந்த நாள்லேருந்து அப்படியே பழகிட்டேன். அவங்க போயும் அது போவல."

மலை மறைத்ததற்கும் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கும் நடுவே அரைமணி போல இருக்கும். உனக்குச் சாப்பிடுகிற நேரம் முடிந்துவிட்டது, எனக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்த அரைமணியில் நாம் இரண்டு பேருமே நோன்பு. வாய்க்கு வேறு வேலை இல்லை, பேச்சுதான். எந்தப் பக்க ஜன்னல், எந்த ஸ்டேஷனில் போட்டோ, பனியில் நடக்கச் செருப்பு போதுமா, எல்லாமே அந்த நேரத்தில் முடிவானவைதான். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் நீதான் வைப்பாய். வைத்துவிட்டுப் புடவையை உதறிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாய்.

போன ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கார்த்திகைக்குள் நீ இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் சொன்னது, "எட்டாம் வகுப்புப் பசங்க படத்துலேருந்து குண்டூசியப் புடுங்குதுங்க, பாத்துக்க" என்பதுதான். பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அது நீயாக இருந்திருக்காது, போ.

குண்டூசி பத்திரமாக இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் பூகோள டீச்சர் சின்னப் பெண், நல்லவள். விவரம் தெரியாமல் நூலைக் கழற்றப் போனாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு விடவில்லை. இப்போது அவளும் அந்தச் சிவப்பு நூலைக் காட்டித்தான் ஆல்ப்ஸ் பாடம் நடத்துகிறாள்.

நான்தான் என் மனசிலிருந்து அந்த நூலைக் கழற்றிவிட்டேன், அக்கா. இரண்டு ஸ்வெட்டரையும் அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினேன். "எனக்கு வேணாம்டா, அக்கா இல்லாம எனக்கு இன்னாத்துக்கு மலை" என்று சலீமிடம் சொல்லிவிட்டேன். பஷீர் சொல்லிப் பார்த்தார், உன் வீட்டு மாமா வந்து சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. வர்றதை நான் சொல்வேன், போனதை யார் சொல்வது?

பொங்கல் சமயத்தில் சலீம் ஊருக்கு வந்தான். ஒரு சாயங்காலம் மாடியில் உட்கார்ந்து உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். உன் சாப்பாட்டுத் திட்டத்தையும் சொன்னேன், ஜெர்மட்டில் ஒன்பது மணி வரைக்கும் நீ சாப்பிடப்போவதாக இருந்ததை.

"ஒன்பது மணியா?" என்று அவன் சிரித்தான். "இன்னாக்கா நீங்க! அது பள்ளத்தாக்கு. சுத்தி நாலு பக்கமும் மலை. ஆறரைக்கெல்லாம் வெயிலு மலைக்குப் பின்னால பூடும். வெளிச்சம் இருக்கும், ஒன்பது வரைக்கும் நல்லாவே இருக்கும். ஆனா சூரியனக் கண்ணால பாக்க முடியாது."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எதிரே ராஜகிரியைப் பார்த்தேன். புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தேன் பார், வயிறு வலிக்கச் சிரித்தேன். பூகோள டீச்சர்! ராஜகிரி நிழலில் இருபது வருஷம் குடித்தனம் பண்ணினவள்! உலகத்தில் யார் மறந்தாலும் நீ மறக்கலாமா, மலை இருக்கிற ஊரில் சூரியன் சீக்கிரம் போய்விடும் என்று? உன்னிடம் சொல்லி மானத்தை வாங்க வேண்டும் என்று திரும்பினேன். நீ உட்காருகிற இடத்தில் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. நீ போன அன்றைக்குக்கூட வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சத்தம் கேட்டு பஷீர் மேலே வந்தார். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்கு விளங்கவில்லை. சலீம்தான் விஷயத்தைச் சொன்னான். அவரும் சிரித்துவிட்டுக் கேட்டார், "அந்தம்மா இருந்திருந்தா அங்க போயி இன்னா பண்ணியிருப்பாங்க?"

"இன்னா பண்ணும்? ஆறரைக்கு டப்பாவ மூடிடும். ஒன்பது வரைக்கும் என்கிட்டப் பேசிக்கிட்டே கெடக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒன்பது வரைக்கும்! இங்கே நமக்குக் கிடைத்தது வெறும் அரைமணி. பஷீருக்கும் உறைத்திருக்க வேண்டும். கஜக்கோலால் அளந்து பழகின மனுஷன் அல்லவா? "அரைமணிக்குப் பதிலா ரெண்டரை மணி நேரம் குடுக்கறான், அத வாணாங்கறியே" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கணும்" என்றேன்.

ஆமாம் அக்கா, போகிறேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. பஷீரும் வருகிறார். உன் இடத்தில், வண்டிக்கு முதுகு காட்டுகிற சீட்டில், அவரைத்தான் உட்கார வைக்கப்போகிறேன். போனதைச் சொல்ல அவருக்கு வராது, ஏறியதும் தூங்கிவிடுவார். அவருக்கும் சேர்த்து நானே இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறேன். ஜவுளிக்கடைக்காரருக்கு இப்போது மீட்டர் கேஜ் பைத்தியம் பிடித்திருக்கிறது. கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறார். உன் ஸ்வெட்டரையும் வெளியே எடுத்துவிட்டேன். எனக்குத் தொளதொளவென்றுதான் இருக்கிறது, போட்டுக்கொள்வேன். நீ சொன்னது சரி, அரிக்கத்தான் செய்கிறது.

பயணத்தில் இருக்கிறவர்கள் நோன்பை விடலாம், பிறகு வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் அப்படித்தான் செய்யப்போகிறேன். ஜெர்மட்டில் இருக்கிற அந்த ஒரு நாள் மட்டும் விட மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. டிபன் கேரியரில் ஓர் அடுக்கு உனக்கு, புளிச்சோறு, கிழங்கு எதுவும் இல்லாமல். சூரியன் மலையைத் தொட்டதும் அதை மூடிவிடுவேன். பாங்கு அங்கே கேட்காது, சலீம் கடிகாரம் பார்த்துச் சொல்வான். அதுவரைக்கும் சூரியன் இல்லாத வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்கும் சாப்பாடு இல்லை, எனக்கும் இல்லை. பேச நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன். உன் கணக்கு தப்பாய்ப்போனதிலிருந்து ஆரம்பிப்பேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

இல்லை அக்கா, பேசு.

எதிர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும்
உன் தங்கச்சி,
ஜீனத்