நான் நிறுத்திய உன் கல்யாணம்

அம்மா,

இன்று காலை வாசல் கிரில்லைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, என் உள்ளங்கையில் இரும்பு வாடை அடித்தது. இரவு பெய்த மழையில் கம்பியெல்லாம் நனைந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. இந்த வாடை உன் கையில் எப்போதும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் உன்னைக் குழாயடிக்கு அழைத்துப் போய் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவிவிடுவேன். துடைத்த பிறகும் இருக்கும். பொழுதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் கையில் வேறு என்ன வாடை வரும்?

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. இனிமேல் அந்தக் கிரில்லைப் பூட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பூட்டுகிறேன். உன் மருமகள் கோமதி சொல்லிப் பார்த்துவிட்டாள். "என்னங்க, இன்னும் யார பூட்டி வெக்கிறீங்க?" என்று கேட்டாள். பூட்டாமல் உட்கார்ந்தால் காது வாசலிலேயே கிடக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா போன பிறகு, பெரிய காஞ்சிபுரத்து வீட்டிலிருந்து உன்னைச் செவிலிமேட்டுக்கு அழைத்து வந்தபோது நீ நன்றாகத்தான் இருந்தாய். பிறகு பேத்தியின் பெயர் மறந்தது. கொஞ்ச நாளில் பேத்தியே மறந்துபோனாள். கோமதியை வேலைக்கு வந்தவள் என்று நினைத்தாய். "இந்தம்மா நல்லா சமைக்குது. எங்கேர்ந்துபா வருது?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாய். சமையலறையில் நின்று அதைக் கேட்ட கோமதி, "கல்யாணமாயி இத்தன வருஷத்துக்கு இப்பதான் அந்த வார்த்த அவங்க வாயில வந்துருக்குது" என்று சிரித்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன். அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை நீ ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மனித வளர்ச்சி, உளவியல் என்று நான் விளக்கினால், "அதப் போயி பாடமா நடத்துவாங்களா? சோறு போட்டா வளர்றான்" என்பாய். வகுப்பில் கரும்பலகையில் ஒரு மாடிப்படி வரைவேன். கீழ்ப்படியில் குழந்தை, அதற்கு மேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, விடலை, கல்யாணமானவன், பெற்றவன், கடைசியில் கிழவன். மாணவிகள் அப்படியே பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஏறுகிற கதையை மட்டும்தான் நான் சொல்லிக்கொடுத்தேன். நீ அதே படியில் என் கண் முன்னால் இறங்கி வந்தாய். முதலில் உனக்குள் இருந்த ஆயா போனாள், மாமியார் போனாள். ஒருநாள் காலையில், "எனக்கு ஏன் பூவு வாங்கியாரல?" என்று சண்டை போட்டாய், அன்றோடு அப்பா இறந்த துக்கமும் போயிற்று. அதற்கப்புறம் அம்மா போனாள். அன்று நானும் போனேன். கொஞ்ச நாள் என்னை அண்ணா என்று கூப்பிட்டாய். பிறகு நைனா என்று கூப்பிட ஆரம்பித்தாய். உன் அப்பாவை நீங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவீர்கள். எனக்கு அவருடைய மூக்கும் வழுக்கையும் என்று ஊரே சொல்லும். அதற்கு இப்படி ஒரு பலன் வரும் என்று யார் கண்டார்கள்.

ஒருமுறை கதவு திறந்திருந்த நேரத்தில் நீ வெளியே போய்விட்டாய். தெருத் தெருவாகத் தேடி, ஓரிக்கை போகிற சாலையில் கண்டுபிடித்தோம். லாரிகளுக்கு நடுவில், ஒரு காலில் உன் செருப்பும் இன்னொரு காலில் கோமதியின் செருப்பும் போட்டுக்கொண்டு வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாய். "எங்க வூட்டுக்குப் போறேன்" என்றாய். அன்றைக்குத்தான் கிரில்லுக்குப் பூட்டு வந்தது.

காலை முழுவதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாய். வெயில் சாய்ந்தால்தான் உனக்குத் தவிப்பு வரும். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகிறவர்களையெல்லாம் கூப்பிடுவாய். "எம்மா, இவங்க என்னப் புடிச்சி வச்சிக்கினு இருக்கறாங்கமா. கதவத் தொறந்து வுட சொல்லுமா." புதிதாகக் குடிவந்தவர்கள் நின்று என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒரு பையன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான்: "படிச்சவரு மாதிரி இருக்கீங்க சார், பெத்தவங்கள இப்டியா வெச்சிருப்பீங்க?" எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாவியை அவன் கையில் கொடுத்து, நீயே வைத்துக்கொள்ளப்பா என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது என்பதுதான் பேர். நானும் உள்ளேதான் இருந்தேன். கல்லூரி விட்டால் வீடு. ஒரு கல்யாணம், ஒரு சாவு என்றால் நானும் கோமதியும் சேர்ந்து போனதில்லை. நீ எப்போது விடுவாய் என்று நினைத்திருக்கிறேன். எந்த அர்த்தத்தில் நினைத்தேன் என்பதை இப்போது எழுத வேண்டாம்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் கம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது.

"நைனா, எனக்குக் கல்யாணம் வேணாம் நைனா."

விளையாட்டாக எடுத்துக்கொண்டு, "யாருக்கு, யாரோட கல்யாணம்?" என்று கேட்டேன். அப்பா பெயரைச் சொன்னாய். என் அப்பா பெயரை.

"அவங்க வந்து என் மூஞ்சிய பாக்கல நைனா. கையத்தான் பாத்தாங்க. தறிகிட்ட குந்தவெச்சி நாடா போட சொல்லிப் பாத்தாங்க. ஆளு தேடிக்கினு வந்திருக்கறாங்க, பொண்ணு தேடிக்கினு வரல."

கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தறியில் உட்கார்ந்தவர் ஒருவரால் மட்டும் அதை நெய்துவிட முடியாது; பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை வீச இன்னொரு ஆள் வேண்டும். உன் அப்பா வீட்டில் அந்த ஆள் நீ. கல்யாணமாகி வந்த வீட்டிலும் அந்த ஆள் நீ. கை நிதானமாக இருக்கிறது என்று சொல்லிப் பெண் எடுத்ததை எங்கள் வீட்டில் பெருமையாகத்தான் பேசுவார்கள். நீயும் பக்கத்தில் இருந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறாய். உனக்கு அதில் ஒரு குறை இருந்தது என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, நான் உன் புள்ளமா. உனக்குக் கல்யாணமாயி எவ்ளோ காலமாச்சு." நீ மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாய். கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்து வழுக்கைத் தலையன் ஒருவன் அம்மா என்று கூப்பிட்டால் மிரளாமல் என்ன செய்வாள்?

பிறகு உன் நைனாவாகவே பேசினேன். ஆனால் அவர் பேசியிருக்கக்கூடியதைத்தான் பேசினேன். "நல்ல எடம் கண்ணு. பையன் குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான்." அதில் பொய் இல்லை. அப்பா அப்படித்தான் இருந்தார். நீ கேட்டுவிட்டு அழுதாய். மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அதே இடத்திலிருந்து ஆரம்பித்தாய். நானும் அதே பதிலைச் சொன்னேன். அதே அழுகை.

கோமதிக்குப் பொறுக்கவில்லை. "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன். காலையில ஞாபகமா இருக்கப்போவுது?"

"என்னால முடியாது" என்றேன்.

"ஏங்க, நெஜமாவா நிக்கப்போவுது? அவங்களுக்கு நிம்மதி வேணும். ஒங்களுக்கு என்ன போவுது?"

என்ன போகும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று என் வாயால் சொன்னால் அப்பாவைத் தள்ளிவிட்டதாகும். என்னையும் தள்ளிவிட்டதாகும். எனக்குக் கை வாகாக வந்த வயதில், கரைக்கு நாடா போட என்னை உட்காரவைக்கலாம் என்று அப்பா சொன்னபோது, "அவன் படிக்கட்டும், நான் குந்தறேன்" என்று சொல்லி அந்த இடத்தை விட்டு நகராமல் இருந்தவள் நீ. நீ எழுந்திருக்காததால்தான் நான் எழுந்து போய்ப் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் கரும்பலகையில் படி வரைந்துகொண்டிருந்தேன். இப்போது எழுந்திருக்கட்டுமா என்று நீ என்னிடமே கேட்கிறாய். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஒரு சாயங்காலம் நீ கேட்கவில்லை. கெஞ்சினாய். கீழே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாய்.

"நைனா, எல்லாப் பொண்ணுங்களும் சாய்ங்காலத்துல கோயிலுக்குப் போவுதுங்க. வெளிச்சம் போவறதுக்குள்ள முடிக்கணும்னு என்ன மட்டும் எழுந்துக்க வுட மாட்றாங்க. அங்கயும் போயி குந்த முடியாது நைனா."

பெற்றவள் காலைப் பிடித்தால் எந்தப் பிள்ளைதான் நிற்பான்? நானும் கீழே உட்கார்ந்தேன். உன் கையை விலக்கினேன்.

"வேணாம் கண்ணு. கல்யாணம் வேணாம்."

"நெஜமாவா?"

"நெஜமா."

"அம்மா திட்டுமே?"

"நான் சொல்லிக்கறேன்."

"அவங்க வந்து கேட்டா?"

"பொண்ணு குடுக்கறதா இல்லன்னு சொல்லிட்டேன். இனிமே வர மாட்டாங்க."

நீ என் முகத்தையே பார்த்தாய், நான் ஏமாற்றவில்லை என்று தெரிகிற வரைக்கும். அப்புறம் சிரித்தாய். முழங்காலைக் கட்டிக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தாய். அம்மா, அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் சிரித்தாய், உன் பேத்தி பிறந்தபோது சிரித்தாய், அவையெல்லாம் வேறு. இது நான் பிறக்காத உலகத்தில் நீ சிரித்த சிரிப்பு. அங்கே நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அன்று நீ கிரில் பக்கமே போகவில்லை. எங்கே போவது? கல்யாணம் இல்லையென்றால் இதுதானே உன் அப்பா வீடு. கோமதி பிசைந்து கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, "இந்தம்மா கையில என்ன ருசி பாரு நைனா" என்றாய்.

காலையில் எல்லாம் மறந்துவிட்டது. சாயங்காலம் மறுபடியும் கேட்டாய். மறுபடியும் நிறுத்தினேன். அதற்கப்புறம் அதுவே என் வேலையாகிவிட்டது. கல்லூரியிலிருந்து வந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டு உன் கல்யாணத்தை நிறுத்துவேன். ஒவ்வொரு தடவையும் நீ புதிதாகச் சிரித்தாய். நான்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துபோனேன். உன் புத்தி தெளிவாக இருந்த காலத்தில், அப்பாவும் நானும் இல்லாமல் இருந்திருந்தால் உனக்குச் சரியாக இருந்திருக்குமா என்று யாராவது கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? சீ, என்ன பேச்சு என்று சொல்லியிருப்பாய். எந்த நீ சொல்வது நிஜம்? இருபத்தைந்து வருடமாக உளவியல் நடத்துகிறேன், எனக்குத் தெரியவில்லை.

தை மாதம் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலிலிருந்து நீ எழுந்திருக்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்திலிருந்து சொந்தமெல்லாம் வந்து இறங்கியது. உன்னைக் குளிப்பாட்டி, மாலை போட்டு நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது அப்பாவின் தங்கை, என் அத்தை, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பொறந்த வூட்டுக் கோடி யாரு எடுத்தாந்திருக்கறாங்க?"

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை வந்து அவள் மேல் விழ வேண்டும். உன் அண்ணன் தம்பிகள் எல்லோரும் உனக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ இருக்கிறார்கள்.

"நான் போடறேன் அத்த" என்றேன்.

"நீ புள்ளடா. கொள்ளி வெக்கிறவன். நீ எப்டிடா பொறந்த வூடு ஆவே?"

நான் பதில் சொல்வதற்குள் கோமதி சொன்னாள்: "அவரே போடட்டும் அத்த. அவங்க இவர நைனான்னுதான் கூப்ட்டுக்கினு இருந்தாங்க."

அத்தை கடைக்கு ஆள் அனுப்பினாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து சேலை வந்தது. மடிப்பைப் பிரித்துக் கையில் விரித்துப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிறந்த வீட்டுக் கோடி கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத்தான். அப்பன் வீட்டோடு இருந்துவிட்ட பெண்ணுக்கு அது கிடையாது. அதைப் போர்த்தினால், இந்தப் பெண்ணை நான் கட்டிக்கொடுத்தேன் என்று சபையறிய ஒத்துக்கொண்டதாகும். போர்த்தாமல் விட்டால், அப்பன் வீடு இல்லாதவளாக நீ போக வேண்டும். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "போடுடா, நேரமாவுது" என்றாள் அத்தை.

போர்த்தினேன், அம்மா. ஒவ்வொரு சாயங்காலமும் வேணாம் கண்ணு என்று சொல்லி நிறுத்திய கல்யாணத்தை அன்றைக்கு என் கையாலேயே நடத்திவைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்குக் கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இருந்தான்.