செத்துப்போகாத கம்ப்யூட்டர்

மெக்கானிக் மகாராஜாவுக்கு,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. கார் சாவியைத் தேடாதீங்க, வண்டியை நான் எடுத்துட்டுப் போறேன். ஆமா, ஓடுது!

இன்ஜின் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னு மூணு நாளா ஒப்பாரி வச்சீங்களே, காலையில அதோட எர்த் வயர்ல டெஸ்ட் லைட் வச்சுப் பார்த்தேன். எரியல, எர்த்தே வரல. அந்த வயரை வண்டி பாடியில பிடிக்கிற போல்ட்டைக் கழட்டினா, அடியில போன மாசம் நீங்க அடிச்ச பெயிண்ட் பளபளன்னு இருக்கு! பெயிண்ட் கரண்டை விடாதே, அது மேல எர்த் கொடுத்தா எப்படிங்க வேலை செய்யும்? காய் நறுக்குற கத்தியால சுரண்டிட்டு போல்ட்டைத் திரும்ப முடுக்கினேன், உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு.

நான் ஓட்டித்தான் கெட்டுப்போச்சுன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்கல்ல? சாயங்காலம் வர்றாங்க. நீங்களே பதில் சொல்லுங்க.

கத்தியைக் கழுவிட்டேன், பயப்படாம சாப்பிடுங்க.

பி.கு.: கம்ப்யூட்டருக்கு என்னாச்சுன்னு அம்மா இப்பதான் போன்ல கேட்டாங்க. "கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு, உங்க மாப்பிள்ளையைத்தான் கழட்டிப் பார்க்கணும்"னு சொல்லிட்டேன்.