ஏழாவது அச்சுக்குள் இருந்த துண்டு

என் அருமை அந்தோனித் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்தான் எழுதுகிறேன். ஒருவரும் கை பிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு வரிதான் ஓடும். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு இப்படிச் சந்தோசம் வரலாமா? நீ போய் இரண்டு மாதம் கழியவில்லையே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

உன்னைத் தெரியாதவர்களும் இதை இங்கே வரும் தமிழ்ப் பேப்பரில் வாசிப்பார்களாம். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

டொரொன்டோவின் வடக்கே ஒன்பது பேர் வேலை செய்யும் சின்ன வேலைத்தளம் நம்முடையது. ஹொலன்ட் நாட்டு விமானத்தின் சக்கரச் சில்லுகளைத் தாங்கும் அச்சுகளை அங்கே செய்தோம். நீ பரிசோதகர். உன் முத்திரை விழாமல் ஒரு அச்சும் வெளியே போகாது. நான் கழுவித் துடைத்துப் பொதி கட்டுகிறவன். வந்த முதல் நாளே உன்னிடம் கேட்டேன்.

“தம்பி, உது குண்டு போடுற பிளேனுக்கோ?”

“இல்லை அண்ணை. சனம் ஏறிப் போற பிளேன். பயப்பிடாமல் துடையுங்கோ.”

ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிப் பங்கருக்குள் ஓடியவன் நான். அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு துடைத்தேன்.

மதியச் சாப்பாட்டு மேசையில் நீ அந்த விமானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவாய். இறகு வட அயர்லாந்தில், எஞ்சின் இங்கிலாந்தில், பெரிய பங்குக்காரர் ஜெர்மனியில், அச்சு நம்மிடம். “பேர் மட்டும்தான் அண்ணை அவங்கடை,” என்பாய். “இந்த ஒல்லாந்தர்தானே மன்னாரிலயும் யாழ்ப்பாணத்திலயும் கோட்டை கட்டி இருந்தவங்கள். இப்ப எங்கடை கையால அச்சுப் போகாட்டி அவங்கடை பிளேன் நிலத்தில இறங்காது.” கடைசல் இயந்திரத்தில் நிற்கும் ரஞ்சன் விடமாட்டான். “அப்ப கோட்டைக்கு வாடகையும் சேர்த்துக் கேளுங்கோ அண்ணை.”

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை நீ கண்டது என் பிழையால்தான். அச்சோடு போகும் அட்டையில் கீழிருந்து மூன்றாவது பெட்டியில் புள்ளடிக் குறி போடவேண்டும் என்று பாடமாக்கி வைத்திருந்தேன். ஒருமுறை ஹொலன்டிலிருந்து புது அட்டை வந்தது. பெட்டிகள் இடம் மாறியிருந்தன. நான் வழக்கம்போல மூன்றாவதில் போட்டேன். அது உன் பெட்டி. இந்த அச்சை நம்பிப் பறக்கலாம் என்று சாட்சி சொல்லும் பெட்டி. நீ கத்தவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தாய். பள்ளிக்கூடத்தில் எங்கள் சாதி ஆட்களை நிலத்தில் இருத்தியதையும், இரண்டாம் நாளே பெற்ற அப்பு என்னைக் கல்லுடைக்கக் கூட்டிப்போனதையும் உனக்கு மட்டும்தான் சொன்னேன்.

அடுத்த நாள் அச்சின் நடுத்துளைக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டபோது, மறுபக்கத்தால் ஒரு கடதாசித் துண்டு விழுந்தது. அதில் ஒரே ஒரு எழுத்து. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு துண்டு. எழுத்து சொல்லானது, சொல் வரியானது. “தொப்பி கோணல்” என்று ஒரு துண்டில் இருந்தது. நான் தொப்பியை நிமிர்த்தியதும் நீ அந்தப் பக்கம் நின்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசைக்கு வெளிக்கிட்ட நீ வாசலிலேயே விழுந்தாய்; பிறகு எழும்பவே இல்லை.

அதற்குள் ஹொலன்டிலும் நிலைமை பிசகிவிட்டது. இனிப் பணம் போடமாட்டோம் என்று ஜெர்மன்காரர் கைவிட்டார்கள். அச்சுகளை அனுப்பவேண்டாம் என்று ஃபக்ஸ் வந்தது. பன்னிரண்டு அச்சுகள் தட்டில் கிடந்தன. பல வாரம் கழித்து இன்னொரு ஃபக்ஸ். பாதியில் நிற்கும் விமானங்களை முடிக்கப்போகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டும் அனுப்பினால் எடுப்பார்கள், இல்லையென்றால் ஓடர் இல்லை. பதினொன்றில் உன் முத்திரை இருந்தது. ஏழாவது மட்டும் வெறுமையாக இருந்தது. உன் இடத்துக்கு வந்தவர் வெளியளவைப் பார்த்து அதற்கும் முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை கடைசியாய்த் துடைக்க எடுத்தேன். ஏழாவதின் துளையிலிருந்து ஒரு துண்டு விழுந்தது.

துண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். “அண்ணை, ஏழாவதை எடுத்து வையுங்கோ. உள்ளுக்கை மயிர்க்கோடு மாதிரி ஒண்டு கிடக்கு. திங்கள் சாயம் போட்டுப் பாப்பம்.” யாரிடமும் கேட்காமல் மூன்று வரியை முழுதாக வாசித்திருக்கிறேன். முதலில் வந்தது சந்தோசம்தான், தம்பி. உனக்கு ஒளிக்கமாட்டேன். அச்சுக்குள் வெடிப்பு இருக்கலாம் என்று நீ சொல்லியிருப்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது.

“என்ன அண்ணை, காதல் கடிதமோ?” என்று வந்த ரஞ்சனிடம் நீட்டினேன். வாசித்ததும் அவன் முகம் மாறியது.

“வெள்ளிக்கிழமை பெட்டி போகாட்டி எனக்கு வேலை இல்லை. வேலைக் கடிதம் இல்லாட்டி மனிசியை இஞ்சை எடுக்க ஸ்பொன்சர் இல்லை. அவள் கொழும்பு லொட்ஜிலயே கிடந்து கிழவியாப் போவாள். விளங்குதோ?”

“விளங்குது.”

“பிறகென்ன, மடிச்சுப் பொக்கற்றுக்கை வையுங்கோ. ‘மாதிரி’ எண்டுதானே எழுதிக்கிடக்கு.”

“அவன் எனக்கெல்லோ எழுதினவன், ரஞ்சன். வாசிக்கத் தெரியாதெண்டு இனி நான் சொல்லேலாது.”

எனக்கு ஆங்கிலம் வராது. முதலாளியிடம் ரஞ்சன்தான் சொல்லவேண்டும். அவன் துண்டைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தான். பிறகு முதலாளியிடம் பேசினான். என்ன சொல்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலாளியின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கண் மெல்லத் திரும்பி ஏழாவது அச்சில் போய் நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ரஞ்சனே சிவப்புச் சாயம் பூசினான். காத்திருந்தோம். துடைத்துவிட்டு வெள்ளைத் தூள் அடித்தான். வெடிப்புக்குள் ஊறியிருந்த சாயம் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு நூலாய் மெல்ல மெல்ல எழும்பியது. முதலாளி அருகே கிடந்த பெட்டியின்மேல் குந்திவிட்டார்.

கழித்த சாமானுக்குக் கட்டும் சிவப்பு அட்டையை எழுதவேண்டும். “பிழையைக் கண்ட ஆள் ஆரெண்டு இதில எழுதோணும், அண்ணை,” என்று ரஞ்சன் காட்டினான். பேனாவை வாங்கி ‘அந்தோனி’ என்று தமிழில் எழுதினேன்.

“செத்த ஆளின்ரை பேரை எழுதக் கூடாது.”

“கண்டது அவன்தானே. துடைச்ச ஆளின்ரை பெட்டியைக் காட்டு, அதில என்ரை பேரை எழுதுறன்.”

முதலாளி அந்த எழுத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். ரஞ்சன் சொன்னான். அட்டையை வாங்கிக் கீழே கையெழுத்து வைத்தார்.

ஒரே தடவை உருக்கிய இரும்பில் செய்ததால் பன்னிரண்டையும் சோதிக்கவேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை போய்விட்டது. சில நாளில் ஹொலன்ட் கொம்பனியும் கடன் தாங்காமல் வங்குரோத்தானது. தனியே சுமக்க அந்த அரசாங்கமும் சம்மதிக்கவில்லை. வாங்க வந்த வெளிநாட்டார் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கடல் கடந்து வந்து கோட்டை கட்டிய நாடு, தன் பெயரோடு பறந்த விமானத்தைக் காப்பாற்ற முடியாமல் நிற்கிறதே. அப்படியென்றால் பலம் இப்போது யாரிடம் இருக்கிறது, தம்பி? நீ இருந்தால் சாப்பாட்டு மேசையில் பிரித்துக் காட்டியிருப்பாய்.

நேரத்துக்கு அனுப்பியிருந்தாலும் மூடித்தான் இருப்பார்கள் என்று முதலாளி சொன்னாராம். உண்மையோ, எனக்கு ஆறுதலோ, தெரியவில்லை. ஐந்து பேரை நிறுத்திவிட்டார். நானும் ரஞ்சனும் அதில் இருக்கிறோம்.

ரஞ்சன் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. நேற்று வந்தான். ஒஷாவாவில் காருக்குச் சாமான் செய்யும் இடத்தில் வேலை கேட்டிருக்கிறான். “முந்தின வேலை ஏன் போனதெண்டு கேட்டாங்கள் அண்ணை. நடந்ததை அப்பிடியே சொன்னன். கூப்பிடுறம் எண்டாங்கள்.” கூப்பிடுவார்களா? அவன் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறான். நான் செய்தது சரிதான், ஆனால் அவன் மனைவி, அந்தப் பிள்ளை, கொழும்பில் இருந்து எண்ணுகிற நாட்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பனியில் இறுகிய நிலம் இளகியதும் உன் கல்லறைக்குக் கல் வைக்கிறார்கள். வெட்டுகிறவருக்குத் தமிழ் தெரியாதாம். அவர் வரைந்த மாதிரித் தாளை உன் மனைவி மேரித் தங்கச்சி என்னிடம் கொண்டுவந்து தந்தாள். “நீங்கள் பாத்துச் சொன்னாத்தான் அண்ணை, வெட்டச் சொல்லுவன்.” பார், பரிசோதகர் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன். யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது. வெட்டிய பிறகும் வருவேன். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் துணியை விட்டுத் துடைத்து, விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு மயிர்க்கோடு இருந்தாலும் அந்தக் கல்லை உனக்கு வைக்க விடமாட்டேன்.

உன் கடைசித் துண்டையும் வாசித்துவிட்ட,
உன் கந்தையா அண்ணை