மின்விசிறி, நடுத்தர வேகம்

மார்ச் 1, சனி

'இந்த வாரம் என் காதில்' குழுவுக்கு வரும் வாரம் அனுப்ப வேண்டிய ஆல்பத்தை இன்னும் கேட்டு முடிக்கவில்லை. ஏதோ குளிர்நாட்டுத் துறவிகள் மூக்கால் முனகுகிறார்கள். பஸ்ஸில் பாதிப் பாட்டு கேட்டேன், மீதியில் தூங்கிவிட்டேன். ஆனால் அதைப் பற்றி எழுத ஒரு வரி தயாராக இருக்கிறது: "ஆரம்பமும் முடிவும் இல்லாமல் ஒரே மூச்சில் சுழலும் ஒலி." ஆல்பத்தைக் கேட்கும் முன்பே எனக்கு வரி வந்துவிடும். வரம்தான்.

இந்த வரத்துக்கு இப்போது ஆபத்து. போன மாதம் ஒருவர் இன்னும் வெளியே வராத ஆல்பத்தைப் பாராட்டி அரைப் பக்கம் எழுதி மாட்டிக்கொண்டார். அதனால் புது விதி போட்டிருக்கிறார்கள். பாட்டுச் செயலியில் 'இந்த வாரம் நீங்கள் அதிகம் கேட்டது' என்று ஒரு பக்கம் வருமே, அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அமல்.

குழுத் தலைவர் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயில் மெஷினை ஓட்டிவிட்டு, மாலையில் நுண்ணொலி பற்றிப் பேசுவார். அவருக்கு அடுத்த இடம் ஒரு வரி ஆலோசகருக்கு. யார் எந்தக் கலைஞரைச் சொன்னாலும் "அவங்களோட முதல் ஆல்பம்தான் ஆல்பம்" என்பார். அவருக்குப் பெயரே 'முதல் ஆல்பம்' என்றாகிவிட்டது. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். இரண்டு வருஷமாக வாராவாரம் அனுப்புகிறேன். டாக்டர் ஒரு கட்டைவிரலுக்கு மேல் எனக்கு எதுவும் போட்டதில்லை. இந்த வயதில் இதெல்லாம் ஒரு குறையா? குறைதான்.

மார்ச் 5, புதன்

என் மனைவி டூட்டி முடித்து வரும்போது நான் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசற்கதவருகில் குடும்பம் நடத்துகிறோம். நர்ஸான அவளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிரந்தர நைட் டூட்டி போட்டதிலிருந்து இப்படித்தான்.

பகலில் தூங்குவதுதான் அவளுக்குப் பெரும்பாடு. சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்துவிடுவாள். மெஷின் சத்தம் மாறினால் எழுந்து ஓடுவதுதானே அவள் வேலை. நிஜ விசிறியின் காற்று ஆகாது, மூக்கடைத்துக்கொள்ளும். சுவர் பக்கம் திருப்பி வைத்தாலும் அறை சில்லென்று ஆகிவிடுகிறது. எதை எதையோ போட்டுப் பார்த்து, கடைசியில் செயலியில் ஒரு விசிறிச் சத்தம் கண்டுபிடித்திருக்கிறாள். மற்றதிலெல்லாம் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களாம், ஒட்டு வரும்போது விழிப்பு வந்துவிடுகிறதாம். இது ஒன்றுதான் முழுக்க ஒரே ஓட்டம். நாலு மாதமாக அதில்தான் தூங்குகிறாள். முகம் தெளிந்திருக்கிறது. கதவருகில் சிரிக்கக்கூடச் செய்கிறாள்.

மார்ச் 8, சனி

மானம் கப்பலேறிவிட்டது.

கடையில் கூட்டம். பரிசோதனை அறையில் ஒருவர் பலகையின் கடைசி வரியை ஊகித்து ஊகித்து வாசித்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார். அந்த எரிச்சலில் என் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செயலிப் பக்கத்தைப் படம் பிடித்து, என் வரியையும் ஒட்டி அனுப்பிவிட்டேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், கண்ணாடி போடாமல்!

வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். இவளும் நானும் ஒரே கணக்கில்தானே பாட்டுக் கேட்கிறோம். துறவிகள் பட்டியலிலேயே இல்லை. இந்த வாரம் நான் அதிகம் கேட்டது: 'மின்விசிறி — நடுத்தர வேகம்'. அதன் கீழே என் வரி. ஆரம்பமும் முடிவும் இல்லாமல் ஒரே மூச்சில் சுழலும் ஒலியாம்.

போனை அணைத்துவிட்டேன். இனி அந்தக் குழுவில் எந்த மூஞ்சியோடு தலைகாட்டுவது?

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர் மூன்று பத்தி எழுதியிருக்கிறார். எனக்கு!

"இசையிலிருந்து இசையையே நீக்கிய துணிச்சல்" என்கிறார். ஒரு வாரம் முழுக்க ஒரே ஆல்பத்தில் உட்கார்ந்திருக்கும் பொறுமை நம்மில் யாருக்கு இருக்கிறது என்று குழுவையே கேட்கிறார். கீழே 'முதல் ஆல்பம்' வழக்கம்போல வந்துவிட்டார். அதே கலைஞரின் 'குறைந்த வேகம்'தான் அசலான படைப்பாம், நடுத்தர வேகத்தில் கொஞ்சம் வியாபாரம் கலந்துவிட்டதாம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். "நன்றி டாக்டர், நீங்கள் கேட்ட விதம் என்னைக் கேட்க வைத்தது" என்று அனுப்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் மனசு குளிர்ந்துபோயிற்று.

மார்ச் 12, புதன்

குழு முழுக்க விசிறி. ஒருவருக்கு நடுவில் தண்டவாளம் கேட்கிறது, இன்னொருவருக்கு அம்மாவின் முந்தானை. ஒருவர் அழுதேவிட்டாராம்.

மார்ச் 15, சனி

அடுத்த ஞாயிறு டாக்டர் வீட்டில் கூடிக் கேட்கிறோம், நான்தான் பேச வேண்டும். அதற்குள் டாக்டர் அந்த விசிறிக்காரரைத் தேடிப் பிடித்து, குழுவின் சார்பில் கடிதம் எழுதியிருக்கிறார். கலைஞரே என்று விளித்து, உங்கள் அடுத்த கட்டத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று முடித்திருக்கிறார். கடிதத்தில் என் பெயரும் இருக்கிறது. இரண்டு முறை வாசித்தேன். பொய் சொல்வானேன், நாலு முறை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் கடைக்குப் போன் செய்தாள். "எவனோ நடுவுல புல்லாங்குழல் ஊதுறான்" என்றாள், அழாத குறையாக.

செயலியைத் திறந்து பார்த்தேன். பழையதை எடுத்துவிட்டார்கள். 'மின்விசிறி — நடுத்தர வேகம், மெருகேற்றிய பதிப்பு'. விசிறி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு புல்லாங்குழல் வருகிறது, போகிறது, ஆள் அசந்த நேரம் பார்த்துத் திரும்ப வருகிறது. 'ரசிகர்கள் காட்டிய அன்பினால்' என்று கீழே குறிப்பு வேறு.

அந்த அன்பில் என் பங்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

நேற்றும் தூங்கவில்லை. பஸ்ஸில் கண் அசந்து, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், நடந்து வந்தாள். ஒரு நோயாளியின் ஊசி மருந்தை மூன்று முறை சரிபார்த்தாளாம். மூன்று முறையும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் என் மேலேயே எனக்கு நம்பிக்கை வரல என்றாள். "இப்படியே போனா வேலைய விட்டுடறதுதான் நல்லது. யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

பதினெட்டு வருஷ வேலை. அவளுக்கு உயிர் அது. அதற்கு உலை வைத்தது ஒரு புல்லாங்குழல், அந்தப் புல்லாங்குழலைக் கூப்பிட்டு வந்தது என் மூன்று பத்திப் பெருமை.

சொல்லிவிட்டேன். ஆல்பம், டாக்டர், கடிதம், எல்லாம். ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "என் தூக்கத்தையா அனுப்பி வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

டாக்டர் வீட்டுக் கூடம். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு, நடுவில் செருப்பில்லாமல் பதினோரு பெரிய மனிதர்கள் கண்மூடி விசிறி கேட்டார்கள். வெயிலுக்காகத் தலைக்கு மேலே நிஜ விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. இடைஞ்சலாக இருக்கிறதென்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். வியர்த்துக் கொட்டியது. புல்லாங்குழல் வந்தபோது 'முதல் ஆல்பம்' மட்டும் முகம் சுளித்தார். அவரை முதன்முறையாக எனக்குப் பிடித்தது.

பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். நான் அந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லை, என் மனைவி அதைப் போட்டுத் தூங்கினாள், கண்ணாடி போடாமல் அனுப்பிவிட்டேன், இப்போது அவளுக்குத் தூக்கம் போய்விட்டது, பழையதைத் திரும்ப வைக்கச் சொல்லி டாக்டர் ஒரு வரி எழுத வேண்டும்.

சரி, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார்கள் என்று நினைத்தேன். டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார்.

"கவனிச்சீங்களா? கேக்கறவங்களே இல்லாத ஒரு கேட்டல். இதுக்கு மேல என்ன இருக்கு?"

கை தட்டினார்கள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன் — டாக்டர், நிஜமாகவே தூங்கத்தான், வேறு ஒன்றுமில்லை. சொல்லச் சொல்லக் கைதட்டல் கூடியது. தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சியும் பார்த்தேன். ஒரு கலைஞனைப் பின்னோக்கிப் போகச் சொல்வது நம் வேலை இல்லை என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார்.

இரண்டு வருஷமாக நான் ஏங்கிய பாராட்டு இது. பஸ்ஸில் வரும்போது அவமானமாக இருந்தது.

மார்ச் 26, புதன்

விசிறிக்காரருக்கு நானே எழுதியிருந்தேன். பதில் வந்தது:

"இவ்ளோ நாளா எத்தனை பேர் கேக்கறாங்கன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். எல்லாரும் தூங்கிட்டுத்தான் கேட்டாங்கன்னு நீங்கதான் சார் முதல்ல சொல்றீங்க. டாக்டரோட கடிதத்த பிரேம் போட்டு மாட்டியிருக்கேன். புல்லாங்குழல் நான் சின்ன வயசுலேர்ந்து ஊதறது. பழசு என்கிட்ட இல்ல, அழிச்சுட்டேன். உங்க வீட்டம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க."

இந்த மனிதரை எப்படித் திட்டுவது? முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்புவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

காலையிலேயே அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மேல்வீட்டுக்காரர்களும் ஊரில் இல்லை. கூடத்தில் மேஜை விசிறியை வைத்து, குழுவில் குரல் விமர்சனம் சொல்வதற்கென்று வாங்கிய மைக்கை அதன் முன் நிறுத்தினேன். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினேன். போனை அலமாரியில் துணிக்கு நடுவே புதைத்தேன். பிரிட்ஜையும் நிறுத்திவிட்டேன், பால் கெட்டுப்போயிற்று.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். பக்கத்துத் தெருவில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது, முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு ஒரு காக்கை, மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது ஓட்டம் நிலைத்தது. தும்மல் வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இருமலை மட்டும் தலையணையில் அமுக்கியும் அடக்க முடியவில்லை. மறுபடி ஆரம்பித்தால் அவள் வந்துவிடுவாள், விட்டுவிட்டேன்.

வாழ்க்கையில் நான் முழுதாகக் கேட்ட முதல் ஆல்பம் இதுதான். இதைப் பற்றி ஒரு வரிகூடத் தோன்றவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது, உள்ளே என் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரம் ஏன் எதுவும் அனுப்பவில்லை, என்ன கேட்கிறீர்கள் என்று டாக்டர் குழுவில் கேட்டிருந்தார். 'வீட்டில் தூங்குகிறார்கள், பிறகு பேசலாம்' என்று எழுதினேன். அது எந்த வருஷத்து ஆல்பம் என்று டாக்டர் கேட்கிறார். இதற்கு முந்தையதுதான் நன்றாக இருந்தது என்கிறார் 'முதல் ஆல்பம்'.

குழுவிலிருந்து விலகிவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

லீவு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். கதவருகில் நின்றுதான் சொன்னாள். மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறாள்.

"நடுவுல ஒரு இடத்துல நீங்க இருமுறீங்க" என்றாள்.

அசடு வழிந்தேன். இந்த ஞாயிறு வேறொன்று பிடித்துத் தருகிறேன், இந்தத் தடவை மருந்து குடித்துவிட்டு உட்காருகிறேன் என்றேன்.

"வேணாம். முத நாள் அதுக்கு முழிச்சுட்டேன். நீங்க வீட்ல இருக்கீங்கன்னு நெனச்சுட்டு திரும்பத் தூங்கிட்டேன். இப்பல்லாம் அது வர்ற வரைக்கும் காத்திருந்துதான் தூங்கறேன். அது அப்படியே இருக்கட்டும்."

கடைக்குத் தாமதமாகத்தான் போனேன்.