அந்தம்மாவின் கோபம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் கைக்குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

என்னைக் கேட்காமல் நீ எனக்குப் போட்ட விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. ஆராய்ச்சி பாதியில் இருக்கிறது என்றதற்கு, "செத்து நூறு வருஷம் ஆன பொம்பளைம்மா. எங்க ஓடிப் போயிடப் போறாங்க? அப்புறமா படிச்சுக்கலாம்" என்று சிரித்தாய். அவள் ஓட மாட்டாள், சரி. எனக்கல்லவா வயது ஓடுகிறது!

அவள் யார் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. விக்டோரியா மகாராணி காலத்து நாவலாசிரியை. படுத்த படுக்கையாகப் புருஷன், வீடு நிறையப் பிள்ளைகள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து நாவல் நாவலாக எழுதி, அத்தனை பேரையும் ஆளாக்கினாள். அவள் போனதும் மூத்த மகன் அவளுடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினான். அதில் அவள் பொறுமையே உருவானவள்; எழுத்து அவளுக்கு வெறும் பொழுதுபோக்கு. ஆனால் அவளுடைய எந்த நாவலைத் திறந்தாலும் ஒருத்தி கதவை அறைந்து சாத்துகிறாள், இன்னொருத்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறாள். மகன் காட்டும் அம்மாவை நம்பாதே, நாவலில் இருப்பவளைப் பார் என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. போன வாரம் துறைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், "பெத்த பையனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப் போகுது? அந்த இயலை எடுத்துடுங்க, இந்த வருஷமே பட்டம் வாங்கிடலாம்" என்றார். நான் எழுந்தேன். "பெத்த பையனுக்குத்தான் சார் கடைசியா தெரியும். எனக்கும் ஒருத்தன் இருக்கான்" என்றேன். பின்வரிசைப் பெண்கள் மேசையைத் தட்டினார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

இயலை நீக்க மாட்டேன் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி வேறு வழிகாட்டி தேட வேண்டும். பட்டம் தள்ளிப்போகும்; கிடைக்காமலே போகலாம். போனால் போகட்டும், புத்தகமாகப் போடுவேன்.

உங்களுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும், நியாயம்தான். மருமகள் வேலைக்குத் திரும்பத் துடிப்பதும் எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு டிக்கெட் போடு. "அவ வந்துடுவாடா" என்று என்னைக் கேட்காமல் உனக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்தானே! முதலில் முறைத்தார். இப்போது பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு பழகுகிறார். குளிப்பாட்டுவதுதான் இன்னும் கைவரவில்லை. குழந்தையைவிட அவர்தான் அதிகம் நனைகிறார்.

பேத்தியை மடியில் போட்டுக்கொள்ள எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. நினைத்தாலே கை குறுகுறுக்கிறது. விடுமுறையில் வருவேன், விருந்தாளியாக.

பேத்தி நன்றாக இருக்கட்டும். அவள் வீறிட்டு அழும்போது, உடனே வாயில் எதையாவது வைத்து அடைத்துவிடாதே. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, என்னதான் சொல்கிறாள் என்று கேளப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா