தேர்வீதியில் நீ கட்டிய ஓட்டல்

நீற்றிய சுண்ணாம்பின் வாசனை இன்று காலை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது. சுசீந்திரம் தேர்வீதியில் நின்றிருந்தேன். மார்கழித் தேருக்கு அதிக நாளில்லை. வீதி முழுக்க வெள்ளையடிப்பு நடக்கிறது. உன் கட்டடத்துக்கும் ஒருவன் ஏணி வைத்து அடித்துக்கொண்டிருந்தான்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் அஞ்சுகிராமத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். உன் கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இடிந்து கிடந்த மனையை வாங்கியிருக்கிறார். அங்கே ஓட்டல் கட்டப்போகிறாராம். நாஞ்சில் நாடு மதராசோடு சேர்ந்தாயிற்று, இனி வடக்கேயிருந்து ஜனம் வந்துகொண்டே இருக்கும் என்பது அவர் கணக்கு. மனையைக்கூட அவர் சரியாகக் காட்டவில்லை. நேரே உன் கட்டடத்தைக் கை நீட்டினார்.

“அந்தா நிக்குல்லா சார், அந்த வீடு. அதே மாதிரி வரைஞ்சு தாங்க. வீதிக்கு என்ன அம்சமா இருக்கு பாத்தீங்களா!”

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? வரைந்தவன் நான் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகுதான் அவர் ‘வீடு’ என்று சொன்னது உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் நீ என் வீட்டுக்கு வந்ததை நினைத்துக்கொள்கிறேன். அப்போது வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓலைக்கொட்டகையில் சாயாக்கடை நடத்திக்கொண்டிருந்தாய். நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் என்பதால் உனக்கு என்னைவிட்டால் என்ஜினீயர் கிடையாது. உன் பங்கு வயலை விற்றுத் தேர்வீதியில் மனை வாங்கிவிட்டாய். கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் கோயிலுக்கென்று இறங்குகிறார்கள், உட்கார்ந்து சாப்பிடவும் படுக்கவும் ஒரு நல்ல இடமில்லை, நாம் ஒன்று கட்டினால் என்ன என்று கேட்டாய். சமையற்கட்டிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து என் வீட்டுச் சிமெண்டுத் தரையிலேயே படம் போட ஆரம்பித்தாய்.

“தரையில கரிய வச்சு என்னவாக்கும் ரெண்டுபேருக்கும் வெளையாட்டு?” என்று என் வீட்டுக்காரி சத்தம் போட்டாள்.

“மைனி, நான் மாளிக கட்டுகேன். நாளைக்குத் தொடச்சுத் தாறேன்” என்றாய்.

மதுரையில் பார்த்த ஓட்டலை நீ வரைந்திருந்தாய். மொட்டைமாடி, முன்னால் பால்கனி, அதன் நெற்றியில் பஸ் ரோட்டிலிருந்தே வாசிக்கும்படி சிமெண்டில் பெரிய எழுத்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே உயரத்தில் இறங்கிவரும் ஓட்டுக்கூரைகள், வரிசையாக மரச்சட்டம் நட்ட அழிகள், ஒவ்வொரு வீட்டு முன்னும் திண்ணையோடு ஒரு படிப்புரை என்று ஒரே கை போட்டதுபோல இருக்கிற வீதி அது.

“ஏலே, தேர்வீதியில இந்தச் சிமெண்டுப் பெட்டியக் கொண்டு வச்சா வீதிக்க மூஞ்சியே போயிரும். வீடு மாதிரி இருக்கணும். வாறவனுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும்” என்றேன்.

“வீட்டுக்கு வந்த மாதிரி எதுக்குடே? எனக்கு ஓட்டலுக்கு வந்த மாதிரி இருந்தாப் போரும்.”

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அது உனக்குத் தாங்காது. பால்கனியை உள்ளங்கையால் அழித்துவிட்டு அதே இடத்தில் சாய்ந்த கூரை போட்டாய்.

“செரி மக்கா, கூரை உனக்க இஷ்டம். ஓடு, எறப்பு எல்லாம் வீதிக்கு ஒத்து இருக்கட்டு. முன்பக்கத்த மட்டும் மறைக்காண்டாம். தொறந்து கெடக்கட்டு. அடுக்களையும் முன்னால வரணும். தோசை சுடுகது வழியில போறவனுக்குத் தெரியணும், கேட்டியா?”

“அப்போ சாமி தேரில வரச்சிலே தூபத்துக்குப் பதிலாட்டு தோசைப் புகையா காட்டுவே?” என்று கேட்டேன்.

நீயும் சிரித்துவிட்டாய். பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் தரையைத் துடைத்தும் கொடுத்தாய்.

நான் வரைந்ததை நானே மெச்சிக்கொண்டேன். மேலே இருந்த அறைகள் வீதியிலிருந்து தெரியாதபடி கூரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. எல்லா ஜன்னலும் உள்முற்றத்தைப் பார்த்துத் திறந்தன. அடுக்களையைக் கொல்லைக் கடைசியில் வைத்துப் புகைபோக்கியை வயல் பக்கம் திருப்பினேன். முன்னால், பழைய வீடுகளில் அளவெடுத்து, குனிந்து ஏறும்படி ஒரு படிப்புரை. அழிகளுக்குக் கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து மரம் வந்தது. நீ சிவப்பு எழுத்தில் ஒரு போர்டு கேட்டாய். கூரைக் கைமரங்களின் செதுக்கு வேலை மறைந்துவிடும் என்று அதற்கும் தடை போட்டு, ஒரு முழப் பலகையில் எழுத்தைச் செதுக்கி, மரத்தின் நிறத்திலேயே வார்னிஷ் அடித்து, கூரை விளிம்பில், இறப்புக்கு அடியில் மாட்டினேன். அதை வாசிக்க வேண்டுமானால் படியில் ஏறி அண்ணாந்து பார்க்க வேண்டும்.

திறப்பன்று ஊரே வந்து கொண்டாடியது. எது புதிது எது பழையது என்று தெரியவில்லை என்றார்கள். திருவனந்தபுரத்திலிருந்து எங்கள் பெரிய என்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு, போட்டோ எடுத்து ஆபீஸில் மாட்டச் சொன்னார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. நீ பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. நாஞ்சில் நாட்டில் அழைக்காத வீட்டுப் படிப்புரையில் யாரும் கால் வைப்பதில்லை. கீழே நின்று தொண்டையைச் செருமுவார்கள். உள்ளேயிருந்து ‘ஆரது? ஏறி வாங்க’ என்று குரல் வந்தால் ஏறுவார்கள், வராவிட்டால் போய்விடுவார்கள். இது நமக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். அந்தப் படிப்புரையை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான். ஓட்டலுக்கு வருகிறவனை யார் கூப்பிடுவார்கள் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. உன் ஆட்களெல்லாம் கொல்லைக் கடைசியில் அடுக்களையில் இருந்தார்கள். சாம்பார் மணம் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம் படிக்குக் கீழே வந்து நின்றது. பெரியவர் செருமினார். நீ எட்டிப் பார்த்ததும் கும்பிட்டுக் கேட்டார்.

“அய்யா, கோச்சுக்கிடாதீங்க. இங்கன பக்கத்துல ஓட்டல் எங்க இருக்கு?”

“இதுதான் ஓட்டல். ஏறி வாங்க” என்றாய்.

“வேண்டாங்கய்யா, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்? பிள்ளையளுக்குத்தான் பசி.”

இரண்டு மூன்று முறை சொல்லி ஏற்றினாய். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உறவுக்காரர் வீட்டில் உண்பதுபோலக் கூசிக் கூசிச் சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். பெரியவர் உன் கையைப் பிடித்து, “பெரிய மனசுய்யா ஒங்களுக்கு, நல்லா இருப்பீங்க” என்று வாழ்த்திவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பின்னால் போய்க் காசு கேட்க உனக்கு மனம் வரவில்லை. நாம் இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அன்று அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு நீ வீதியில் இறங்கி நிற்க ஆரம்பித்தாய். நம் ஆட்கள் யாரும் தெருவில் நின்று ஆள் கூப்பிட்டதில்லை. உன் மாமன்மார் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். படிக்கு நேரே, வீதி நடுவில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் “இதுதான் ஓட்டல், ஏறி வாங்க, இதுதான் ஓட்டல்” என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பாய். நான் தாழ்த்தி உள்ளிழுத்துவைத்த இறப்பில் ஒரு ஆள் நிற்க நிழல்கூடக் கிடையாது. இடத்தை நான் அப்படி மிச்சம் பிடித்திருந்தேன்.

சைக்கிளில் வேலை பார்க்கப் போகும்போது தூரத்திலிருந்தே உன் குரல் கேட்கும். முதலில் இறங்கிப் பேசினேன். பிறகு கையை ஆட்டிவிட்டுப் போனேன். அப்புறம் வடக்கு வீதி வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். வெட்கம் உனக்கு இருந்திருக்க வேண்டியதில்லை, எனக்குத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு உன் முன்னால் நிற்கத் தெரியாமல் ஓடினேன்.

ஒரு சாயங்காலம் நீயே ஆபீஸுக்கு வந்தாய். தொண்டை கட்டிப்போயிருந்தது. சுவரில் போட்டோவைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாய்.

“மக்கா, அந்தப் படிப்புரையையும் அழியையும் எடுத்துட்டு முன்பக்கத்தத் தொறந்து விட்டுருவமா? கூரை அப்படியே இருக்கட்டு.”

நான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எடுத்துக்கோ. ஆனா அது நான் வரைஞ்சதுண்ணு ஒருத்தர்ட்டயும் சொல்லாத.”

என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. நீ மறுபடி போட்டோவைப் பார்த்தாய்.

“சவத்த விடு. அது உனக்க மூஞ்சில்லா? அதுல எப்படிடே நான் கை வைப்பேன்?” என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய்.

ஒரு கொத்தனை வைத்து ஒரே நாளில் உடைத்திருக்கலாம். உன் மனை, உன் காசு, உன் வயல். நீ உடைக்கவில்லை. நான் வந்து உடைத்துவிடு என்று சொல்வேன் என்று காத்திருந்தாயோ என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு எனக்கு அப்படி யோசிக்கத் தோன்றவில்லை, போட்டோ அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ் ரோட்டில் வேறு யாரோ நீலச் சாயம் பூசிய மொட்டைமாடி ஓட்டல் ஒன்றைத் திறந்தார்கள். பார்க்கச் சகிக்காது. உட்கார இடமும் கிடைக்காது. அதன் பிறகு நீ ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பென்ஷன் வாங்கிய ஒருவர் உன் கட்டடத்தை வாங்கி வீடாகவே வைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நீ கீரிப்பாறைக்குப் போய் ரப்பர்த் தோட்டத்து ஆட்களுக்குச் சாயாவும் பலகாரமும் போட ஆரம்பித்தாய். ஒரு தடவை அங்கே உன்னைப் பார்க்க வந்தேன். நாலு கால், மேலே தகரம், நடுவில் அடுப்பு. மழை பெய்துகொண்டிருந்தது. ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு வந்த ஆட்கள் நனைந்த தலையோடு நாலா பக்கமும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உனக்கு என்னோடு பேச நேரமில்லை. ஆனாலும் சாயாவை ஆற்றியபடியே கண்ணைச் சிமிட்டினாய்.

“பாத்தியா மக்கா, செவரே இல்ல. ஒருத்தனையும் கூப்பிடாண்டாம். எல்லாவனும் வாறான்.”

நீ என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். சாயாவைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். பஸ் ஏறும்போது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட நினைத்தேன். அடுத்த முறை ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். போன வருஷம் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகுதான் சேதியே எனக்கு வந்தது.

இன்று காலை அந்த அஞ்சுகிராமத்துக்காரர் படத்துக்கு அவசரப்பட்டார். நான் ஒரு குச்சியை எடுத்து அவர் மனை மண்ணிலேயே கீறிக் காட்டினேன். ஓட்டுக்கூரை அக்கம்பக்கத்தோடு ஒரே கோடாக வந்தது. அதன் கீழே முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. தோசைக்கல் வீதியைப் பார்த்து இருந்தது. இறப்பை மட்டும், ஒரு ஆள் நிழலில் நிற்கும்படி கொஞ்சம் தூக்கி வெளியே இழுத்தேன். என் கை எங்கேயும் தயங்கவில்லை. இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் அல்லவா, என் வீட்டுத் தரையில், கரியில்.

அவர் குந்தியிருந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இது அதவிட நல்லாருக்கே! வீதியும் கெடல, வாசலும் தொறந்து கெடக்கு. ஒங்களுக்குத்தான் சார் இதெல்லாம் தோணும்!”

“எனக்குத் தோணல்ல. இது அந்த ஓட்டல்காரன் சொன்னது” என்றேன்.

“எந்த ஓட்டல் சார்?”

அவர் எழுந்து வீதியின் இரண்டு கடைசியும் பார்த்தார். பஸ் ரோட்டில் தெரிந்த நீலச் சுவரைப் பார்த்தார். உன் கட்டடத்தின்மேல் அவர் கண் நிற்கவே இல்லை.

நான் நடந்துபோய் உன் படிக்கு நேரே, நீ நின்ற இடத்தில் நின்றேன். வெயில் முகத்தில் அடித்தது. இத்தனை நாளாக வடக்கு வீதி சுற்றிப் போனவனுக்கு அந்தக் குரல் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. அது என் வாயில் வந்தது.

“இதுதான் ஓட்டல்!”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஏணியில் நின்றவன் வெள்ளையடிக்கும் மட்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அழிக்குப் பின்னால் ஒரு பெண்குரல், “ஆரது? ஏறி வாங்க” என்றது.

என்னால் ஏற முடியவில்லை.